எழுபத்துநாலாம் நம்பர் நிலத்துச் சாமி

சென்னப்பனை அளவுகோலோடுதான் பெற்றெடுத்தார்களோ என்று அவர் மனைவி சாந்தம்மா கேட்பதில் தப்பே இல்லை. ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் கேஜ் ரூம் என்று ஓர் அறை உண்டு. மற்ற இடங்களில் பொருளை அளப்பார்கள். அளக்கிற கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று இந்த அறையில் பார்ப்பார்கள். ஐடிஐ முடித்த கையோடு அதற்குள் நுழைந்தவர், முப்பத்தொரு வருடமாக ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைக்ரோமீட்டர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து வருகிறார். மத்திகிரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "நிலைவாசல் அரை இன்ச் சாஞ்சிருக்குதுங்களே" என்றாராம். அப்படியும் வீட்டைக் கொடுத்தார்கள் என்றால் அந்த வீட்டுக்காரர் உண்மையில் நல்ல மனிதர்தான்.

சாந்தம்மா அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். கணவர் தோசையின் குறுக்களவைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "ஆயித்து, ஆயித்து" என்பார். அதோடு சென்னப்பன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

இவர்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை செய்கிறாள். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, நவீன்குமாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். நவீன்குமார் சூளகிரி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். சொந்தச் சாதி, ஒரே ஊர்ப்பக்கம், குடி கிடையாது, பைக்கைக்கூட நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வேறு எந்த வீட்டிலும் துள்ளியிருப்பார்கள். இங்கே மூன்று பேரும் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இதுதான். சென்னப்பனுக்குச் சொந்த ஊர் சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய காடுசந்திரம். அங்கே ஓடைக்கரையில் அக்காதங்கச்சி கோயில் என்று ஒரு சின்னக் கோயில். உள்ளே இரண்டு கல். வலதுபுறம் அக்கா, இடதுபுறம் தங்கச்சி. சென்னப்பன் வீட்டாருக்கு அதுதான் குலதெய்வம். ஓடைக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் நவீன்குமார் வீட்டாரும் அதே கோயிலில், அதே நாளில்தான் பொங்கல் வைக்கிறார்கள். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிகள் என்றால் ஏதோ ஒரு காலத்தில் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்துத் தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கை முறை. அந்தப் பையனும் பெண்ணும் பார்த்துப் பழகியதே பொங்கல் அடுப்புக்கு விறகு மாற்றிக்கொண்ட சாக்கில்தான். சேர்த்து வைத்த சாமியே குறுக்கே படுத்துக்கொண்டது என்று சாந்தம்மா புலம்பினார்.

கோயிலில் பூசை செய்வது சென்னப்பனின் அண்ணன் முனிராஜ். மூன்று ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு, அதோடு சாமி. தம்பி மகள் என்றால் உயிரை விடுவார், முறை என்றால் அந்த உயிரையும் விடுவார்.

"அண்ணன் தங்கச்சிக்கு நான் தாலி எடுத்துக் குடுக்கணுமாடா சென்னு?" என்று கேட்டார். "ஊரு காறித் துப்பாதா? அவங்க பங்காளிங்க இல்லன்னு எவனாச்சும் எனக்குக் காமிக்கட்டும். நானே முன்ன நின்னு நடத்தறன்."

தர்ஷினி ஓடிப்போகிற ரகம் இல்லை. "பெரியப்பா அட்சதை போடாம எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடச் சென்னப்பன் தாங்கியிருப்பார். அழாமல் போனதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு சக்கரத்தில் தகராறு வந்தால், இன்றைக்குக் கையில் இருக்கிற டிராயிங்கை நம்பமாட்டார்கள். அது பத்துத் தடவை திருத்தப்பட்டிருக்கும். முதன்முதலில் போட்ட டிராயிங்கைத் தேடி எடுத்துப் பிரித்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். ஊருக்கும் ஒரு முதல் டிராயிங் இருக்கவேண்டுமே என்று சென்னப்பனுக்குத் தோன்றியது மதியச் சாப்பாட்டு வரிசையில். கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்துத்தான் நகர்த்தினார்.

சேர்த்து வைத்திருந்த லீவு எல்லாம் வெளியே வந்தது. விஏஓ அலுவலகத்துச் சுவரில் தொங்கிய கிராம வரைபடத்தில் ஓடைக்கு இந்தப்பக்கம், அறுபத்தொன்பதாம் நம்பர் நிலத்தில், ஒரே ஒரு கோபுரக் குறி இருந்தது. அதுதான் அக்காதங்கச்சி கோயில். இதற்கு முந்தியது வேண்டும் என்றார். கிருஷ்ணகிரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போய், இதற்கும் முந்தியது வேண்டும் என்றார். சென்னையில் சர்வே துறையிடம் பழைய படங்களின் நகல் கிடைக்கும், மனு போடுங்கள் என்றார்கள். போட்டார். மூன்று வாரம் கழித்துச் சுருட்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சிலேயே விரித்துவிட்டார்.

தலைப்பில் சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா என்று இருந்தது. அவர் அப்பாவே பிறந்திராத காலத்துப் படம். ஏரி இருந்தது, ஓடை இருந்தது, மாட்டுவண்டித் தடமாகப் பெங்களூர் ரோடு இருந்தது. அறுபத்தொன்பதில் கோபுரக் குறி இருந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம், எழுபத்துநாலாம் நம்பரில், இன்னொரு கோபுரக் குறியும் இருந்தது.

ஒன்றுக்கு இரண்டு கோயில் என்றால் இரண்டு குலசாமி, பங்காளி முறையே இல்லை. சென்னப்பன் டீயை மறந்தார், பஸ்ஸை விட்டார், கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, "இங்க பாருங்க, ரெண்டு" என்றார். கடைக்காரர் இரண்டு டீ என்று நினைத்துப் போட்டுவிட்டார். இரண்டையும் குடித்துவிட்டு ஊர் திரும்பினார்.

முனிராஜ் அசைந்து கொடுக்கவில்லை. "காயிதத்துல புள்ளி வெச்சாக் கோயிலாயிருமா? எடத்தக் காமி" என்றார்.

காட்டத்தான் சென்னப்பனிடம் இன்னொரு காகிதமும் இருந்தது. எழுபத்துநாலாம் நம்பர் நிலத்துக்கு மட்டும் தனியாக வரைந்த புலப்படம். நிலத்தின் மூலைக்கு மூலை நட்ட சர்வே கற்கள், கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் எண்கள். தெற்குக் கல்லிலிருந்து கோட்டோடு 420 போய், அங்கிருந்து வலதுபக்கம் 60 திரும்பினால் கோயில். இதைவிடத் தெளிவாக எந்த டிராயிங்கும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடும் மண்வெட்டியோடும் போனார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க தர்ஷினி. தெற்குக் கல் வரப்போரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரன் காலத்துப் படம் என்றால் அடிக்கணக்குதான் என்று சென்னப்பன் முடிவு கட்டினார். வரப்போடு 420 அடி அளந்தார், வலதுபக்கம் 60 அடி திரும்பினார். போய் நின்ற இடம் திம்மப்பனின் தக்காளித் தோட்டத்து நட்டநடு.

திம்மப்பன் மனசில்லாமல்தான் சம்மதித்தார். நாலு செடியைப் பிடுங்கி, இடுப்பளவு தோண்டியதில், ஓர் உரப்பையின் நூலும் ஒரு செருப்பும் கிடைத்தன.

"சாமி செருப்பக் கழட்டி வுட்டுட்டுப் போயிடுச்சாட்டம் இருக்குதுங்க" என்றார் திம்மப்பன். வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த முனிராஜ் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அண்ணன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று இருந்தது சென்னப்பனுக்கு.

குழியை மூடிவிட்டு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். தர்ஷினி வரப்பில் கொஞ்சதூரம் தள்ளி, உண்ணிச்செடிப் புதருக்குப் பக்கத்தில், காலில் ஏறிய முள்ளை எடுக்க உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒக்காந்திருக்கறது சர்வே கல்லுப்பா."

சென்னப்பன் ஓடிப்போய்ப் புதரை விலக்கினார். வடக்குக் கல்லேதான். தலையில் அம்புக்குறிகூட இருந்தது. ஆனால் படத்தில் தெற்குக் கல்லுக்கும் வடக்குக் கல்லுக்கும் நடுவே 650 என்று எழுதியிருந்தது. அவர் 420 அடி வந்து திரும்பிய இடத்திலிருந்து இந்தக் கல் இன்னும் 230 அடி தள்ளி இருக்கவேண்டும். இது ஒன்பதே அடியில் இருந்தது.

அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். கேஜ் ரூமுக்குள் கால் வைக்கும் எந்தப் புதுப் பையனுக்கும் அவர் சொல்கிற முதல் பாடம், அளவு ஏற்கெனவே தெரிந்த மாஸ்டர் கட்டை ஒன்றை முதலில் அளந்து பார், அப்புறம் மற்றதைத் தொடு என்பதுதான். முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, சொந்த மகள் காரியத்தில் நேராகத் தக்காளியில் போய் இறங்கியிருக்கிறார். இரண்டு கல்லுக்கும் நடுவே அளந்தார். 429 அடி. போனில் வகுத்தார். 429-ஐ 650-ஆல் வகுத்தால் சுத்தமாக 0.66 வந்தது. இப்படி மிச்சம் மீதி இல்லாமல் ஓர் எண் வந்தால் படத்தில் பிழை இல்லை, பார்த்தவனிடம்தான் பிழை என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் மனைப்பிரிவு அளந்துகொண்டிருந்த ஜெயப்ரியா என்ற நில அளவரிடம் போய்க் கேட்டார். அந்தப் பெண் படத்தைப் பார்த்துச் சிரித்தது. "சார், இது அடி கெடையாது, லிங்க். அந்தக் காலத்துல சங்கிலி போட்டுத்தான் அளந்தாங்க. அறுவத்தாறு அடிச் சங்கிலி, அதுல நூறு கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க்."

420 கண்ணிக்கு 277 அடி. 60 கண்ணிக்கு நாற்பது அடி, கொஞ்சம் குறைய. இந்தத் தடவை தக்காளித் தோட்டத்துக்கு வெளியே, சர்வீஸ் ரோட்டுக்குக் கீழே இறங்கும் சரிவில் போய் நின்றார்கள். தலைக்கு மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உண்ணிச்செடியை வெட்டி முழங்கால் ஆழம் தோண்டியதும் மண்வெட்டி ணங்கென்றது. மண்ணைத் தள்ளத் தள்ளச் சதுரமான ஒரு பீடக்கல் வந்தது. நடுவில் கல்லை நிறுத்துவதற்காகக் கொத்திய நீளக் குழி. அதன் முன்னால் அகல் வைக்கும் பள்ளம், கரி பிடித்தபடி. அப்பாவும் மகளும் மண்ணில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்ஷினி அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே.

முனிராஜ் வந்து பீடத்தைப் பார்த்தார். உட்கார்ந்து குழிக்குள் கைவிட்டுத் தடவினார். மனிதர் நியாயஸ்தர், கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்லமாட்டார்.

"கோயில் இருந்துச்சு, ஒத்துக்கறன். ரோட்ட அகலம் பண்ணப்ப இங்க இருந்த கல்லத் தூக்கியாந்து நம்ம கோயில்ல வெச்சிருப்பாங்க. அதுவும் சரி. அப்ப என்னா ஆச்சு? அக்கா அங்க இருந்தா, தங்கச்சி இங்க இருந்தா. அக்கா வூட்டுப் புள்ளையும் தங்கச்சி வூட்டுப் புள்ளையும் என்னா மொறைடா? அப்பவும் அண்ணன் தங்கச்சிதான?"

உலகத்தில் எந்த வெர்னியர் கொண்டும் இதை அளக்க முடியாது. அக்கா தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்ளக்கூடாது என்பது சென்னப்பனுக்கும் முறைதான். தர்ஷினி மண்வெட்டியைக் கழுவப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணுண்ணா" என்றார் கடைசியில். "தங்கச்சி கல்லோட அடி இந்தக் குழியில ஒக்காருதான்னு மட்டும் அளந்துக்கறன். வேலைய பாதியில வுட்டா எனக்குச் சோறு எறங்காது."

"அவளத் தொடணும்னா அவதான் உத்தரவு குடுக்கணும்" என்றார் முனிராஜ்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக் கேட்பதாக முடிவானது. சாமியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் நவீன்குமாரையும் அவன் அப்பா வெங்கடப்பனையும் வரச் சொன்னார்கள். சாந்தம்மாவும் தர்ஷினியும்கூட வந்திருந்தார்கள். வெங்கடப்பன் அதிகம் பேசாத மனிதர். அவர் தாத்தா காலத்தில் குடும்பமே கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போய், பெரியவர்கள் அங்கேயே கண்ணை மூட, சின்னவர்கள் மட்டும் இருபது வருடம் கழித்துத் திரும்பினார்கள் என்பதற்கு மேல் அவருக்குத் தன் வம்சத்தைப் பற்றி எதுவும் தெரியாது. திரும்பி வந்தபோது, உங்கள் சாமி அதற்குள் இருக்கிறது என்று ஊரார் கைகாட்டிய கோயிலில்தான் இன்றுவரை பொங்கல் வைக்கிறார்கள்.

முனிராஜ் தங்கச்சிக் கல்லின் நெற்றியில் ஈரப் பூவை ஒட்டினார். வலதுபக்கம் விழுந்தால் சம்மதம். ஒரு டேங்கர் லாரி ஊர் அதிரப் போனது, பூ வலதுபக்கம் விழுந்தது. லாரியினால் விழுந்ததோ என்று அவருக்கே சந்தேகம். ரோடு காலியாகும் வரை காத்திருந்து இன்னொரு பூ ஒட்டினார். அதுவும் வலதுபக்கமே விழுந்தது. "தாயி சொல்லிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, புடவையையும் வளையல்களையும் வெள்ளிக் கண்ணையும் பயபக்தியோடு கழற்றினார்.

கல்லின் முதுகு பின்சுவரோடு ஒட்டிச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தது. நவீன்குமார் உளி போட்டு மெல்ல விடுவித்தான். நாலு பேர் கடப்பாரை போட்டு, சாக்கு விரித்து, கல்லை முன்பக்கமாகக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். சென்னப்பன் உடனே பெரிய வெர்னியரோடு கல்லின் அடியில் குந்தினார்.

"எரநூத்தி இருவத்தெட்டு" என்றார். "அகலம் நூத்தி எட்டு. குழி எரநூத்தி முப்பத்தொண்ணு, நூத்திப் பதினொண்ணு. நீளத்துலயும் அகலத்துலயும் மூணு எம்எம் க்ளியரன்ஸ். அண்ணா, அழகா ஒக்காருது."

இரண்டாவது தடவையும் சொன்னார். நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் கல்லின் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். இத்தனை காலம் சுவருக்குள் ஒட்டிக்கிடந்த அந்த முதுகில், வலதுகையில் ஓங்கிய வாளும் இடதுகையில் வில்லுமாக ஓர் ஆள் நின்றான். இடுப்பில் குறுவாள். முகத்தில் இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை.

சண்டையில் செத்த முன்னோருக்கு நடுகிற வீரன் கல் அது. ரோட்டு வேலை அவசரத்தில் தூக்கி வந்தவர்கள் அதைத் திருப்பி வைத்துப் பூசிவிட்டார்கள். முன்பக்கமாகிவிட்ட வெறும் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூச, யாரோ புடவை கட்ட, பக்கத்தில் அம்மன் இருக்கவே இவள் தங்கச்சி என்று பேர் வைத்தாயிற்று. மீசைக்கார வீரன் ஒருவன் அறுபது எழுபது வருடமாக அக்கம்பக்கத்துக்குத் தங்கச்சியாக இருந்து, ஆடிக்கு ஆடி கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

முனிராஜ் கையில் இருந்த புடவையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "ஏன்டா சென்னு, இத்தன வருசமா நான் யாருக்குடா ஜாக்கெட்டுத் துணி எடுத்தன்?" என்றார்.

சாந்தம்மாதான் முதலில் சிரித்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நவீன்குமார் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடிச் சிரித்தான். சிரித்து முடித்த முனிராஜுக்குத் திடீரென்று பயம் வந்து, வீரனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தெரியாமல் செய்துவிட்டோம் ஐயா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று வேண்டினார். வெங்கடப்பன் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த மீசையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தன் தாத்தனுக்குத் தாத்தனை முதன்முதலாகப் பார்க்கிற மனிதருக்குக் கண் கலங்காமல் இருக்குமா? தாரை தாரையாக வழிந்தது, அவர் துடைக்கவே இல்லை.

முனிராஜ் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வலதுபக்கத்து அம்மனைப் பார்த்தார். படுத்திருந்த வீரனைப் பார்த்தார். ஓடைக்கு இந்தப்பக்கம் ஒரு சாமி, அந்தப்பக்கம் ஒரு சாமி. அது பெண், இது ஆண். அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை, இரண்டு வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இல்லாத உறவுதான் இப்போது உண்டாக வேண்டும். வாசலில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்ற தர்ஷினியின் பக்கம் அவர் கண் போனது. பிறகு வெங்கடப்பனிடம் வந்தார். விவரம் தெரிந்த நாளாக அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா" என்றார்.

வெங்கடப்பன் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். முனிராஜ் குனிந்து தோளைத் தொட்டார்.

"உங்களத்தான் மாமா. பொண்ணு பாக்க எப்ப வர்றீங்க?"

வெங்கடப்பன் மெல்ல நிமிர்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முனிராஜின் கையைப் பிடித்தார்.

"வந்துதான மச்சான் இருக்கறோம்" என்றார். "பொண்ணக் காப்பி போடச் சொல்லுங்க."